மெஷினிடம் சொன்ன சேதி

காலை ஷிஃப்ட் மாறும்போது பர்பத் மெஷின் கதவைப் பார்த்துப் பேசினார்.

"மெஷினே, நாலாம் நம்பர் டூல் முனை போயிருச்சு. புதுசு மாட்டி நீளம் ஏத்தியிருக்கேன். ஆறாம் நம்பர் லேசா கத்துது. இன்னிக்கு ஓடும், நாளைக்குச் சொல்ல முடியாது. கேக்க வேண்டியவங்க காதுல போட்டு வை."

கேட்க வேண்டியவர் இரண்டு முழம் தள்ளி நின்று, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை.

"கேட்டாச்சுன்னு சொல்லு," என்றார் வஸ்ராம், கூலன்ட் தொட்டியைப் பார்த்து.

இதைப் பார்ப்பதற்கென்றே டீக்கார லாலோ சரியாக அந்த நேரத்துக்குக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவான். இவர்கள் வயசுக்காரன், வாய்த்துடுக்கு அதிகம். "ரெண்டு சம்பந்தியும் நல்லா இருங்கய்யா. இந்த மெஷினுக்கு மட்டும் வாய் இருந்தா உங்க ரெண்டு பேரையும் காறித் துப்பும்," என்று சொல்லிவிட்டு, முன்பு ஒரே டீயைப் பாதி பாதியாக ஊற்றிக் கொடுத்தவன், இப்போது இரண்டு முழு டீயை இரண்டு மூலையில் வைத்துவிட்டுப் போவான்.

பேச்சு அறுந்துபோன சொந்தக்காரர்கள் சுவரிடம் பேசுவதும் எருமையிடம் பேசுவதும் ராஜ்கோட் பக்கத்தில் புதிது இல்லை. எருமையிடம் பேசியே ஒரு மாமியாரும் மருமகளும் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். கோண்டல் ரோட்டில் மன்சுக் சேட்டின் ஷெட்டில் எருமை இல்லை. எண்ணைக் கொடுத்தால் தானே இரும்பைக் குடையும் மெஷின்தான் இருந்தது.

வஸ்ராமும் பர்பத்தும் இளவட்டமாக இருந்த காலத்தில் ஒரே லேத்தில் வேலை பார்த்தவர்கள். வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், வஸ்ராமின் மகள் ஹேதலைப் பர்பத்தின் மகன் விபுலுக்குக் கொடுத்த அன்றைக்கு, "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி" என்று மாறிப்போனார்கள். அதற்கே ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பகல் முழுக்க வஸ்ராம் நிற்பார், ராத்திரி முழுக்கப் பர்பத் நிற்பார். பர்பத்தின் மனைவி இறந்த பிறகு ராத்திரியில் வீட்டில் படுக்கப் பிடிக்கவில்லை என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட ஷிஃப்ட் அது.

ஹோலி கழிந்து சில நாளில் ஹேதல் ஒரு பையோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். மணிக்கட்டு நீலம் பாய்ந்திருந்தது. இடது காதில் ஓயாத இரைச்சல் என்றாள். விபுல் குடிக்கிறவன் இல்லை, சூதாடுகிறவன் இல்லை. கோபம் வந்தால் கை நீளும், அவ்வளவுதான். குடிகாரனாக இருந்தால் குடியை நிறுத்தச் சொல்லலாம். இவனிடம் எதை நிறுத்தச் சொல்வது?

மறுநாள் காலை வஸ்ராம் ஷெட்டுக்குள் வந்தார். பர்பத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வஸ்ராம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பர்பத் மெஷினிடம் பேச ஆரம்பித்தார். அப்படித் தொடங்கியது.

வஸ்ராம் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. காய்கறிக்காரி தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பர்பத் ஒருவரைத்தான் அவர் சோதித்தது இல்லை. இப்போது அவரையும் சோதிக்கத் தொடங்கினார்.

ஒரு டூல் எவ்வளவு நீளம் என்று மெஷினுக்குத் தானாகத் தெரியாது. மனிதன்தான் சொல்ல வேண்டும். குடைய வேண்டிய இரும்புத் துண்டான ஜாப்பின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, கைச்சக்கரத்தைத் துளித் துளியாகச் சுற்றி, டூல் முனையை இறக்க வேண்டும். தாளை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் முனை அதைக் கவ்வும். அந்த இடத்தில் நிறுத்தி எண்ணை ஏற்ற வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் மெஷின் எதிர்க்கேள்வி கேட்காது. முழு வேகத்தில் இறங்கி டூலையும் ஜாப்பையும் சேர்த்து உடைத்துவிட்டு நிற்கும்.

பர்பத் ராத்திரியில் ஏற்றி வைத்த எண்கள் ஒவ்வொன்றையும் வஸ்ராம் காலையில் மறுபடி தொட்டுப் பார்த்தார். சுவரில் தொங்கும் ஜலாராம் பாபா தினக்காலண்டரில் நேற்றைய தேதியைக் கிழித்து அதையே தாளாக வைத்துக்கொள்வார். கிழித்துக் கிழித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பர்பத்தின் எண் எங்கே சொன்னதோ அங்கேயே முனை தாளைக் கவ்வியது. ஒரு தடவையாவது தப்பு வராதா என்று அவர் எதிர்பார்த்தார் என்றே சொல்லலாம். தப்பு வந்திருந்தால் மனசுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை.

"சேட், உங்க ரெண்டு பேர் சண்டையில எனக்குக் காலையில அரை மணி நேரம் போகுது," என்றார் மன்சுக் சேட் ஒருநாள். அவர் எல்லோரையும் சேட் என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தால்.

"உடைஞ்சா உங்க ஸ்பிண்டில்தான் போகும். நான் எதுக்கு நம்பணும்?" என்றார் வஸ்ராம்.

வெயில் ஏறிக்கொண்டே போன நாட்களில், டூல் சேதியோடு வேறு சேதியும் வர ஆரம்பித்தது.

"மெஷினே, எங்க வீட்டுத் துளசி காஞ்சு கெடக்கு. தண்ணி ஊத்த ஆள் இல்ல."

"ஊத்த வந்தவ காது அடைச்சுக் கெடக்கறான்னு சொல்லு."

பர்பத் கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. "டாக்டர் என்ன சொன்னாருன்னு கேளு," என்றார் கடைசியில்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு சொல்லு. பாதிதான் கேக்குமாம்."

மறுநாள் காலை மெஷின் பலகையின் மேல் செய்தித்தாளில் சுற்றிய கடலைமாவுக் காட்டியாப் பொட்டலம் ஒன்று இருந்தது, பொரித்த பச்சை மிளகாயும் பப்பாளித் துருவலும் தனியாக. பர்பத் போய்விட்டிருந்தார். வஸ்ராம் அதைச் சாயங்காலம் வரைக்கும் தொடவில்லை. அப்புறம் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஹேதல் யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. மிளகாயை மட்டும் தின்றாள்.

மழை பிடித்த பிறகு ஒரு காலையில் பர்பத் டூல் சேதியை முடித்துவிட்டும் கிளம்பாமல் நின்றார்.

"மெஷினே, பையன் கை அடங்கிருச்சு. காலையில நான் வீட்டுக்குப் போறப்பத் தலையைக் குனிஞ்சுகிட்டுச் சாப்பிடறான். ஒரு சத்தம் கெடையாது. சாமி படத்துக்கு அவனே விளக்கு ஏத்தறான். நான் பாத்ததச் சொல்றேன். பொண்ண அனுப்பச் சொல்லி நீ கேளு."

வஸ்ராம் அன்று பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் கொடுத்த எண் எதுவும் பொய்யானதில்லை. இத்தனை நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. தங்கத்தைக்கூட உரசிப் பார்த்துத்தான் வாங்குகிறோம், இந்த ஆளை உரசிப் பார்த்தாயிற்று.

வீட்டில் ஹேதல் தரையில் உட்கார்ந்து கவரிங் வளையல்களுக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பெண்கள் செய்கிற வேலை. கோந்துக் குச்சியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நீங்க போய்ப் பாத்தீங்களாப்பா?"

"பர்பத் சொல்றாரு."

"அவர் சொல்றது இருக்கட்டும். நீங்க ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க. பக்கத்து வீட்டுல கேளுங்க. அப்புறம் நான் போறேன்."

"பொண்ணக் குடுத்தவன் கூப்பிடாம அந்த வாசல் ஏறுவானா? எட்டிப் பாக்க நான் என்ன போலீஸா?"

"காய்கறிக்காரி தட்டுக்கு அடியில எட்டிப் பாப்பீங்க."

மனைவி முக்தா அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டு, சிரித்தது தப்பு என்று வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அவளே சொன்னாள்: "ஹேதல் அப்பா, தெருவுல கேக்கறாங்க. எத்தன நாள் சாக்குச் சொல்றது? வாழாவெட்டின்னு சொல்லிடுவாங்க."

"அவர் நம்பரை நான் தொட்டுப் பாக்காத நாள் இல்ல," என்றார் வஸ்ராம் மகளிடம். "ஒரு தடவகூடப் பொய் வரல."

"அது இரும்புப்பா."

"ஆளும் அதே ஆள்தான."

ஹேதல் கல் ஒட்டுவதைத் தொடர்ந்தாள். ஒரு வளையல் முடிந்தது. அடுத்ததை எடுத்தாள். "சரி," என்றாள். "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. நீங்களே நம்பிட்டீங்கன்னா நான் என்ன சொல்ல?"

ஞாயிற்றுக்கிழமை பர்பத்தும் விபுலும் அழைக்க வந்தார்கள். விபுல் வஸ்ராமின் காலைத் தொட்டான். சின்ன, சுத்தமான கைகள். கண்ணை நிமிர்த்தவில்லை. பர்பத் வாசலில் நின்று, மெஷின் இல்லாத இடத்தில் எதைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாதவர் மாதிரி முழித்தார். வஸ்ராம்தான் முதலில் வாய் திறந்தார்.

"வாங்க சம்பந்தி. உக்காருங்க."

பர்பத்தின் கண் கலங்கிவிட்டது. ஹேதல் கிளம்பும்போது அம்மா ஏதோ சொல்ல, அவள் வலது காதைத் திருப்பிக் கேட்டாள். ஸ்கூட்டரில் விபுலின் பின்னால் உட்கார்ந்து, தெரு முனை திரும்புகிற வரைக்கும் வஸ்ராமைப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் கையசைத்தார். அவள் அசைக்கவில்லை. பையைப் பிடித்திருந்தாள், அதனால் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஷெட்டில் நல்ல நாட்கள் வந்தன. லாலோ பழையபடி ஒரு டீயைப் பாதி பாதியாக ஊற்றினான். "மெஷினுக்கு வேல போச்சு," என்றான். "பாவம், அதுக்குப் பேச்சுத் துணைக்கு யாராச்சும் பாருங்க." வஸ்ராம் காலையில் டூல்களைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டார். கிழிப்பார் இல்லாமல் காலண்டர் பழைய தேதியிலேயே நின்றது.

"எப்படி இருக்கா?" என்று கேட்பார்.

"நல்லா இருக்கா," என்பார் பர்பத்.

"சாப்பிடறாளா?"

"அவதான எங்களுக்குப் போடறா."

அவ்வளவுதான். ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று வஸ்ராமுக்குத் தோன்றவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று இருக்கும்போது, அங்கே போய் உட்கார்ந்து என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் பம்ப் மூடி வேலை வந்தது. புது ஜாப், அதைப் பிடித்து நிறுத்தப் புது ஃபிக்ஸ்சர். ராத்திரியில் வந்து இறங்கியதால் பர்பத்தே அதை மாட்டி ஜீரோ எடுத்தார். டூல் நீளம் ஒரு கணக்கு என்றால் ஜீரோ வேறு கணக்கு. மேஜையின் மேல் ஜாப் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த மூலையிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது. அதில் பிசகினால் எதுவும் உடையாது, சத்தம் வராது. போட்ட துளைகள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும். மொத்தமும் இடம் மாறி நிற்கும்.

முதல் ஜாப்பைச் சேட்டே எடுத்துப் போய் எல்லாப் பக்கமும் அளந்தார். மயிரிழை தப்பில்லை. பச்சைப் பெயின்ட் அடித்து அலமாரியில் வைத்தார், அந்த மாதிரியே மற்றதும் வர வேண்டும் என்பதற்காக. மற்றவற்றுக்குத் துளை விட்டமும் துளைக்குத் துளை தூரமும் மட்டும் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. வஸ்ராம் பகலில் ஓட்டினார், பர்பத் ராத்திரியில் ஓட்டினார். வண்டி வண்டியாகப் போயிற்று.

சப்தமி, அஷ்டமிக்கு விடுகிற சாதம் ஆட்டம் லீவுக்குக் கொஞ்சம் முன்னால், போன வண்டி அத்தனையும் திரும்பி வந்தது.

சேட் பர்பத்தைக் காலையில் வீட்டுக்கு விடவில்லை. "முதல் ஜாப் பாஸ். மிச்சம் அத்தனையும் ஃபெயில். பம்புல மாட்டினா ஒரு போல்ட்டும் இறங்கலயாம். எப்படிய்யா? ரெண்டு கிழவனும் சேர்ந்து டீ குடிச்சதுக்கு எனக்கு இதுவா?"

வஸ்ராம்தான் ஃபிக்ஸ்சரைத் துடைத்துவிட்டு, ஜாப் முட்டி நிற்கிற அந்தத் தடுப்புக்கட்டையை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்பி வந்த மூடி ஒன்றை வைத்து முட்டக் கொடுத்து, ஓரத்தில் அளவு டயல் வைத்துப் பார்த்தார். அடுத்ததை வைத்தார். எல்லாம் ஒரே இடம். மெஷினில் ஏற்றியிருந்த ஜீரோ மட்டும் கொஞ்சம் தள்ளி இருந்தது.

அலமாரியிலிருந்து பச்சைப் பெயின்ட் அடித்த முதல் மூடியை எடுத்து வந்து வெளிச்சத்தில் திருப்பினார். முட்டுகிற ஓரத்தில், நகம் அழுத்தின மாதிரி, வளைந்த ஒரு சின்னப் பள்ளம்.

"சில்லு," என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மூடிக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு சுருள் இரும்புச் சில்லு மாட்டியிருந்திருக்கிறது. பர்பத் அதோடு சேர்த்து இறுக்கி, அந்த மூடி நின்ற இடத்தை அளந்து ஜீரோ ஏற்றியிருக்கிறார். அந்த ஒரு மூடிக்கு அது சரி. அதைக் கழற்றியதும் கூலன்ட் தண்ணீரில் சில்லு போய்விட்டது. அடுத்து வந்தவை எல்லாம் சில்லு இல்லாமல் ஒட்டி உட்கார்ந்தன. மெஷின் மட்டும் போன சில்லையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தது.

சேட் கையில் இருந்த மூடியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

"முதல் ஜாப் சரியா இருந்துச்சே," என்றார் பர்பத். ஒரு மாதிரி கெஞ்சுகிற குரல். "சம்பந்தி, நீங்களே பாருங்க. நான் பாத்தது சரியாத்தான் இருந்துச்சு."

வஸ்ராம் மூடியைப் பிடித்தபடியே நின்றார். பகல் வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். யாரோ கம்ப்ரஸரைப் போட்டார்கள்.

"எம் பொண்ண நீங்க எப்பப் பாத்தீங்க?" என்றார்.

"என்ன கேள்வி இது? தினம் காலையில டீ குடுக்கறா."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

பர்பத்துக்குக் கோபம் வந்தது. "நான் மாமனார். முக்காட்டுக்குள்ள இருக்கற மருமக மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டு வழக்கமும் அதுதான."

தெரியும். அந்தப் பக்கத்தில் எந்த மருமகளும் மாமனார் முன்னால் முகத்தைத் திறக்க மாட்டாள். தெரிந்த விஷயம்தான். தெரிந்துகொண்டேதான் வஸ்ராம் இத்தனை நாள் "எப்படி இருக்கா" என்று கேட்டார், இவரும் "நல்லா இருக்கா" என்று சொன்னார்.

"ராத்திரி?"

"ராத்திரி நான் இங்க நிக்கறேன்."

"பகல்ல?"

"தூங்கறேன். தூங்காம?"

"அப்ப அவன் கை அடங்கிருச்சுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"அடங்கித்தான் இருந்துச்சு. அவ உங்க வீட்டுல இருந்தப்ப அவன் ஒரு சத்தம் போட்டதில்ல. சத்தியமா."

அடிப்பதற்கு ஆளே இல்லாத வீட்டில் எவன் கைதான் அடங்காது? இதை அன்றைக்கே நினைக்க ஒரு கழுதைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வஸ்ராம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பர்பத்துக்கும் அதற்குள் அது உறைத்துவிட்டது போல. மெல்லத் திரும்பி, மெஷின் கதவில் நெற்றி படுகிற அளவுக்குக் கிட்டே நின்றார்.

"மெஷினே, காலையில சில நாள் டீ டம்ளர் கை நடுங்கி வரும். குளிருன்னு நெனச்சேன். சொல்லிடு," என்றார்.

அது ஆவணி மாசம். குளிர் எங்கே இருக்கிறது?

சஷ்டியான சட் அன்றைக்கு ஷெட்டை மூடினார்கள். அன்று சாயங்காலமே ஊரில் எல்லா வீட்டிலும் இரண்டு நாளைக்கான பலகாரத்தைச் செய்து வைத்துவிட்டு அடுப்பை அணைத்துக் கழுவிக் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் சாதம் அன்றைக்கு நெருப்பு மூட்டுவதில்லை. சீதளா மாதா வந்து ஆறிய அடுப்பில் புரண்டு இளைப்பாறுவாள், சூடு பட்டால் சபித்துவிடுவாள் என்பது பெண்களின் பயம். ஆறிய தேப்லா ரொட்டியும் தயிரும்தான் அன்றைய சாப்பாடு.

சாதம் காலையில் வஸ்ராம் யாரும் கூப்பிடாமலே பர்பத்தின் வாசல் ஏறினார். பர்பத் கதவைத் திறந்தார். "அவன் மேளாவுக்குப் போயிருக்கான்," என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

ஹேதல் அடுப்படியில் இருந்தாள். கேஸ் அடுப்பு துடைத்துப் பளபளவென்று இருந்தது. பர்னருக்கு நடுவில் குங்குமப் பொட்டு, பக்கத்தில் ஒரு பருத்திச் செடிக் கிளை. அவள் தரையில் உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹேதல்," என்றார்.

அவள் நிமிரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து முகம் மறையும்படி மார்பு வரைக்கும் விட்டுக்கொண்டாள்.

வஸ்ராமுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பின்னால் யாராவது வந்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பெற்ற தகப்பன் முன்னால் எந்தப் பெண்ணும் முக்காடு போடுவதில்லை.

"நான்தாம்மா. அப்பா."

ஹேதல் அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"அடுப்பே, வந்தவங்களுக்கு இன்னிக்கு டீ கெடையாதுன்னு சொல்லு. இன்னிக்கு உன்னைப் பத்த வைக்கக் கூடாது."

குரல் மாறியிருந்தது. உதடு வீங்கினவர்கள் பேசுவது மாதிரி.

"டீக்கு வரல. மூஞ்சியக் காட்டு."

"பாக்கறதுன்னா அன்னிக்கே வந்து பாத்திருக்கலாம்னு சொல்லு."

"துணிய எடு. கிளம்பு. இப்பவே போலாம். யாரு வந்து என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

அவள் இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்தாள். முன்பக்கம், பின்பக்கம். அடுக்கில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போயி? அங்க கொஞ்ச நாள் இருப்பேன். அப்புறம் மறுபடி யாராச்சும் வந்து எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லுவாங்க. மறுபடி அனுப்புவாங்க. அடுப்பே, அது என்னால முடியாதுன்னு சொல்லு. இங்கன்னா அடி எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னாவது எனக்குத் தெரியும். அங்க இருந்தப்ப அது தெரியல."

வஸ்ராம் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டு முன்கூடத்தைத் தாண்டி அவர் உள்ளே வந்ததே இதுதான் முதல் தடவை. மகளைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் அங்கே முகம் இல்லை, ஒரு துணிதான் தொங்கியது. கடைசியில் அவரும் அடுப்பைப் பார்த்தார்.

"அடுப்பே," என்றார். அந்த வார்த்தை வாய்க்குள் அன்னியமாக இருந்தது. "எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தவன், இத மட்டும் பாக்கலன்னு சொல்லு. பாக்கச் சொன்னா. பாக்கல. அடுத்தவன் வாயால கேட்டது போதும்னு விட்டுட்டேன்னு சொல்லு."

முக்காட்டின் ஓரம் அவள் மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்தது. அது அழுகையா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவளுடைய இடது காதுதான் அவர் பக்கம் இருந்தது. கேட்டதா என்பதும் தெரியவில்லை.

தவலைக்கு மேல் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. வஸ்ராம் எழுந்து அதை நிமிர்த்தி, தவலையில் முக்கி, பெண் கொடுத்த வீட்டுத் தண்ணீரை நின்றபடியே முழுக்கக் குடித்தார். ஹேதலின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. துணிக்குள்ளிருந்து அவள் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மூடி வைத்திருந்த பலகாரத்திலிருந்து ஒரு தேப்லாவை எடுத்துத் தட்டில் வைத்து, தரையோடு தரையாக அவர் பக்கம் தள்ளினாள். அவர் மறுபடி உட்கார்ந்து தின்றார். ஆறிப்போய்த் தோல் மாதிரி இருந்தது. மென்று விழுங்க நேரமாயிற்று.

"நாளைக்கும் வருவேன்னு சொல்லு. அதுக்கு அடுத்த நாளும் வருவேன். அவ வர்றேன்னு சொல்ற வரைக்கும் வந்து இப்படியே உக்காருவேன். அவனும் இருக்கறப்ப வருவேன்."

ஹேதல் பதில் சொல்வாள் என்று காத்திருந்தார். தெருவில் மேளாவுக்குப் போகிற பிள்ளைகள் ஊதலை ஊதிக்கொண்டு போனார்கள். அவள் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி, துடைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்து, அடுக்கில் வைத்தாள். அடுப்பு எதையும் யாரிடமும் சொல்லவில்லை. குங்குமத்தோடு அது குளிர்ந்து கிடந்தது.